தண்டு வலிக்காத ஒரு நாள்

தண்டு வலிக்கிறவர்கள் படகின் பின்பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். போகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விட்டு வந்த இடத்தைப் பார்த்தபடியே போவதுதான் அந்த வேலையின் இலக்கணம். அலிபாக்கில் புறப்பட்டுக் கொங்கணக் கடற்கரையில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வந்த பிறகும் நான் நன்றாகப் பார்த்திருந்தவை இரண்டுதான். ஒன்று, எதிரே சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்த எங்கள் தாண்டேலின் முகம். மற்றொன்று, அவர் தலைக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போன ஏதோ ஒரு நில முனை.

அதனால்தான் 2023 பிப்ரவரி 17-ம் தேதி காலை கூடாரத்துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவன் திகைத்து நின்றேன். கண்ணெதிரே விஜய்துர்க் கோட்டை. ஒன்றின் பின் ஒன்றாக மூன்று மதில்கள், கறுத்த வட்டக் கொத்தளங்கள், இடுக்குகளில் முளைத்த ஆலங்கன்றுகள். முந்தைய நாள் அதன் காலடியைச் சுற்றிக்கொண்டுதான் வாகோட்டண் கழிமுகத்துக்குள் நுழைந்திருக்கிறோம். கண்ணில் பட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி அரை மணி நேரம் நான் தலையைத் தூக்கவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு இருபது இழுப்பு, ஐந்து மணி நேரத்துக்கு ஆறாயிரம். கணக்கு முடிகிறபோது கரை வரும்.

அன்று ஓய்வு நாள். திட்டத்தில் இல்லாத ஓய்வு.

பயணம் அலிபாக்கிலிருந்து மால்வண் வரை, சுமார் 290 கிலோமீட்டர். கடற்படைப் பயிற்சிப் படகுகளின் மாதிரியில் செய்யப்பட்ட 27 அடிப் படகு. வலப்பக்கம் மூன்று தண்டு, இடப்பக்கம் இரண்டு. பாய்மரமும் உண்டு, ஆனால் ஆபத்துக்கு மட்டுமே அதைத் தொடுவது என்று ஒப்பந்தம். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற 61 வயதுக்காரர் ஒருவர்தான் தலைவர். கொங்கணத்தில் படகின் தலைவனைத் தாண்டேல் என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். கோலாப்பூர்ப் பக்கத்துப் பூகோள ஆசிரியர் ஒருவர், மும்பையில் வங்கி வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர், புணேயில் பொறியியல் படிக்கும் இரண்டு பையன்கள், மாதுங்காவில் இருபது வருஷமாகக் குடியிருந்து மராத்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கும் நான். ஏழாவதாக ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் ஹர்ணையில் பஸ் ஏறிவிட்டார். குடலைக் கடல் பிரட்டிப்போட்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆக, மாற்று ஆள் இல்லாத படகு.

தமிழில் துடுப்பு வேறு, தண்டு வேறு. துடுப்பு கைக்குள் அடங்குவது. நீரைக் கோரித் தள்ளுவதற்கு அதற்கு ஊன்று தேவையில்லை. தண்டு நீளமானது. படகின் விளிம்பில் ஓர் இரும்புக் கவையில் உட்கார்ந்திருக்கும். துடுப்பைப் போடுகிறோம், தண்டை வலிக்கிறோம். வலிப்பது என்றால் இழுப்பது. நோவதும் வலிப்பதுதான். எம்.ஏ. படித்த காலத்தில் இவை இரண்டும் ஏன் ஒரே சொல்லாக இருக்கின்றன என்று நான் யோசித்ததில்லை. புறப்பட்ட மூன்றாம் நாள் யோசிக்க அவசியமில்லாமல் போயிற்று.

ஓய்வு நாளுக்குக் காரணம் ஆசிரியரின் வலது கை. ரத்னகிரிக்கு முன்பே உள்ளங்கையில் ஒரு கொப்புளம் உடைந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வலித்துக்கொண்டிருந்தார். 16-ம் தேதி இரவு குளிர் நடுக்கம் கண்டது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தாண்டேல் துணியை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளங்கை கோவைப்பழமாகச் சிவந்து, நடுவில் சீழ் கோத்திருந்தது. "நாளைக்குப் படகு நகராது" என்றார், அவ்வளவுதான்.

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பொருளில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் ஓய்வுக்கான நிம்மதி இல்லை அது. கை குணமாகாது, ஐந்து பேர் நான்கு பேராவோம், தாண்டேல் பயணத்தை இங்கேயே முடித்துக்கொள்வார், நான் தோற்றதாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்று மளமளவென்று கணக்குப் போட்டது மனசு. பக்கத்துக் கூடாரத்தில் அந்த மனிதர் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தார். நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஊர் டாக்டர் கையைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். ஊசி, மாத்திரை. ஒரு வாரத்துக்குத் தண்டைத் தொடக் கூடாது. உப்புத் தண்ணீர் படக் கூடாது. "படகில் போகிறவருக்கு இதைச் சொல்கிறேன் பாருங்கள்" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

ஓய்வு நாள் என்று பெயரே தவிர, படகுக்காரர்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். பன்னிரண்டு நாள் உப்பு எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. படுக்கைப் பைகள், சட்டைகள், கயிறுகள், சமையல் பாத்திரத்தின் கைப்பிடி வரை. உப்பு ஏறிய துணி காய்வதே இல்லை. இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைந்துகொள்ளும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் விமோசனம். நாங்கள் கூடாரம் போட்டிருந்தது ஒரு வீட்டுத் தோப்பின் கரையோரத்தில். அந்த வீட்டு அம்மாள் கிணற்றைக் காட்டி, "எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். இறைக்க ஆள் இல்லாமல்தான் கிடக்கிறது" என்றார்.

அது வெறும் உபசார வார்த்தையாகத் தெரியவில்லை. அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கொங்கணத்தின் கதை இது. ஆண்பிள்ளைகள் மும்பைக்குப் போய்ப் பிழைப்பது தலைமுறைகளாக நடக்கிறது. அந்த அம்மாளின் மாமனார் லால்பாக் மில் தொழிலாளி; 1982 வேலைநிறுத்தத்தோடு ஊர் திரும்பியவர். மகன் இப்போது டோம்பிவிலியில் இருக்கிறார். இந்த வீடுகளெல்லாம் கணபதி பண்டிகைக்கும், ஹோலியை இவர்கள் சொல்கிற ஷிம்காவுக்கும் திறக்கும். மற்ற நாட்களில் சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கும். அவர் வீட்டில் அப்படி ஒன்பது சாவிகள் தொங்கின.

பையன்கள் அவரை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று அழைத்தார்கள். வங்கிப் பெண்மணியை எல்லோரும் 'தாயி' என்றோம். மராத்தியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். என்னைவிட எட்டு வயது இளையவரை நான் நாள் முழுக்கத் தாயி, தாயி என்று கூப்பிட்டதை ஊரில் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். தாயி என்னை அழைத்தது 'அண்ணா' என்று. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டை மாவ்ஷியே சமைத்தார். அரிசி மாவு பாக்ரி. நம் தெற்கத்திக் கரையில் அயிலை என்றும் சென்னையில் காணாங்கெளுத்தி என்றும் சொல்கிற பாங்கடா மீனைத் தேங்காயும் திர்பள் என்ற மணமுள்ள காயும் போட்டு வைத்த குழம்பு. கடைசியில் கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல்கடி. பன்னிரண்டு நாள் கிச்சடி தின்ற நாக்கு. பையன்கள் இருவரும் பதினேழு பாக்ரி காலி செய்தார்கள். பணம் கொடுக்க முயன்றதை மாவ்ஷி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாண்டேலும் நானும் அவர் வீட்டுக் கிணற்றின் உடைந்த உருளையைக் கழற்றிப் படகில் இருந்த உதிரி உருளையைப் பொருத்திக் கொடுத்தோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இடையில் காவலர் ஒருவர் வந்து எல்லோருடைய ஆதாரையும் பார்த்து, பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்து இறங்கிய பிறகு இந்தக் கரையில் புதுப் படகு ஒன்று ஒதுங்கினால் கேள்வி வராமல் இருக்காது. வழியெல்லாம் எங்களுக்கு இது பழகிவிட்டது. என் ஆதாரைப் பார்த்து, "தமிழா? இங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் வலித்தேவா போகப் போகிறீர்கள்?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லாததால் நானும் இல்லை என்று பணிவாகவே பதில் சொன்னேன்.

பிற்பகலில் கோட்டைக்குப் போனோம். ஆசிரியரும் வந்தார், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு. அவரிடம் ஒரு கிராஃப் நோட்டு இருந்தது. அலிபாக்கிலிருந்து தினமும் மாலையில் அன்று கடந்த கரையை அதில் வரைந்துவருவார். முனைகள், கழிமுகங்கள், கோயில் கோபுரங்கள், கலங்கரை விளக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. தண்டு வலித்தபடி பின்னால் பார்த்ததை வைத்து வரைந்த படம் என்பதால் எல்லா மலைகளும் தெற்கிலிருந்து பார்த்த வடிவத்தில் இருக்கும். இந்தப் பயணத்துக்காகவே மூன்று வருஷம் விடுப்பைச் சேர்த்துவைத்தவர் அவர். இப்போது பென்சில் பிடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல இளைய பையன் வரைந்தான். "அந்தக் கொத்தளம் அவ்வளவு கூராக இல்லை. மழுக்கு" என்பார். அவன் அழித்துவிட்டு மறுபடி போடுவான்.

கோட்டையின் பழைய பெயர் கேரியா. அருகே உள்ள கிர்யே கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. சிலாஹார மன்னன் போஜன் கட்டியதாகச் சொல்லப்படும் இதை 1653-ல் சிவாஜி கைப்பற்றி விஜய்துர்க் ஆக்கினார். பின்னர் ஆங்கிரேக்களின் கையில் இது மேற்குக் கடலையே நடுங்கவைத்த தளமாயிற்று. அவர்களிடம் 'குராப்' என்ற பெரிய கப்பல்கள் இருந்தன. 'கல்பத்' என்ற சிறிய கப்பல்களும் இருந்தன. கல்பத்துக்கு நாற்பது ஐம்பது தண்டுகள். காற்று விழுந்து ஐரோப்பியக் கப்பல்கள் பாய் தொங்க அசையாமல் நிற்கிற வேளையில், கல்பத்துகள் தண்டு வலித்துக் குராப்புகளை இழுத்துக்கொண்டு வந்து சூழும். வரலாற்றில் ஆங்கிரேக்களின் பெயர் இருக்கிறது. அந்த ஐம்பது பேருடைய உள்ளங்கை எப்படி இருந்தது என்று எந்த ஆவணமும் சொல்வதில்லை. அன்றைக்கு எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சனும் ராபர்ட் கிளைவும் கடல் வழியாக வந்தார்கள். பேஷ்வாவின் படை நிலம் வழியாக வந்தது. துளாஜி ஆங்கிரேயை ஒழிக்க இருதரப்பும் கூட்டு. கம்பெனியிடமிருந்து ஆங்கிரே முன்பு பிடித்துவைத்திருந்த 'ரெஸ்டோரேஷன்' என்ற கப்பலில் ஒரு குண்டு விழுந்து தீப்பற்றி, நெருக்கமாகக் கட்டியிருந்த கப்பற்படை முழுவதும் எரிந்துபோனது. கொள்ளைப் பொருளை ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பேஷ்வாவுக்குப் பங்கு இல்லை. கிளைவ் இங்கிருந்துதான், தான் துணை கவர்னராகப் பொறுப்பேற்க வேண்டியிருந்த கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனார். அடுத்த வருஷம் பிளாசி. நாங்கள் துணி காயப் போட்டிருந்த கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கப்பல்கள் எரிந்த நீர் தெரிகிறது. அன்று அதில் ஒரு சிறுவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் படைத்தளங்கள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது விஜய்துர்க்கும் அதில் இடம்பெற்றது. பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. நம் செஞ்சி.

கோட்டைக்குள் 'சாகேப் மேடை' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது நார்மன் லாக்கியர் என்ற ஆங்கில விஞ்ஞானி இங்கிருந்துதான் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்பது ஊர்க்கதை. வருஷாவருஷம் அன்றைக்கு இங்கே ஹீலியம் தினமும் கொண்டாடுகிறார்கள். ஆசிரியர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தக் கிரகணத்தை குண்டூரிலிருந்து பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் ஜான்சென். லாக்கியர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். சூரிய ஒளியில் அந்த மஞ்சள் கோட்டை அவர் அங்கிருந்தே அக்டோபரில் பார்த்தார். அவர் விஜய்துர்க்குக்கு வந்தது உண்மைதான். ஆனால் 1898 ஜனவரி 22-ம் தேதி நிகழ்ந்த கிரகணத்துக்கு. ஹீலியத்தைப் பூமியில் பிரித்தெடுத்தே அப்போது மூன்று வருஷமாகிவிட்டது. மேடைகள் அந்த வருகையைச் சேர்ந்தவையாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்குச் சுற்றிக்காட்டியவரிடம் இதைச் சொல்ல ஆசிரியர் வாயெடுத்தார். அந்த மனிதரோ கண்கள் மின்ன, "உலகத்திலேயே எங்கள் ஊரில்தான்!" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் பேசாமல் திரும்பிவந்து, நோட்டில் மேடைக்குப் பக்கத்தில் 1898 என்று மட்டும் எழுதச் சொன்னார்.

அங்கிருந்து ஆட்டோவில் கிர்யேவுக்குப் போனோம். கழிமுகத்தின் உட்பகுதியில் கரைப் பாறையைக் குடைந்து செய்த மராட்டியர் கப்பல் துறை இருக்கிறது. சுமார் 350 அடி நீளம். ஒரு காலத்தில் குராப்புகளை உள்ளே ஏற்றி மராமத்துப் பார்த்த இடம். இப்போது சேறு மண்டி, அலையாத்திச் செடிகள் முளைத்துக் கிடக்கிறது. நண்டுகள் ஓடுகின்றன. தாண்டேல் மட்டும் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய அதன் வாய்வரை நடந்து, திரும்பி வந்து, "நல்ல வேலை" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. மறுநாள் சிவராத்திரி. பக்கத்து ராமேஸ்வரர் கோயிலில், செம்பாறையை ஆழமாக வெட்டி அமைத்த நுழைவழியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழியெங்கும் மாந்தோப்புகளில் பூவும் பிஞ்சும். தேவ்கட் அல்போன்சாவின் நாடு இது.

மாலையில் பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை. அங்கேதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பெஞ்சில் எழுபது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இளமையில் அவரும் தாண்டேல். பாய்க் கப்பலில் ஓடு ஏற்றிக்கொண்டு மும்பை வரை போனவராம். எங்கள் படகைக் கரையில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மீன் பிடிக்கிறீர்களா?"

"இல்லை."

"சரக்கு?"

"இல்லை."

"மோட்டாரும் இல்லை. பின் எதற்கு வலிக்கிறீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. கரையைப் பார்க்க என்று சொல்ல முடியாது; பார்க்கவில்லை. உடற்பயிற்சி என்றால் சிரிப்பார். அவர் என் மௌனத்தைப் பெரிதுபடுத்தாமல் பேச்சை மாற்றினார். நாங்கள் இரவில் கடலில் ஊர் மாதிரி வெளிச்சம் பார்த்தோமா என்று கேட்டார். பார்த்தோம். அவை பளீர் விளக்குகளைக் காட்டி மீனைக் கூட்டி அள்ளும் படகுகள். 2017 நவம்பரிலேயே மத்திய அரசு அந்த முறையைத் தடை செய்துவிட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது, மீன் அவர்கள் வலையில் இருக்கிறது என்பது கரையோரத்தில் சிறுவலை போடுகிறவர்களின் குறை.

நான் தமிழன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. 2017 டிசம்பர் தொடக்கத்தில் ஒக்கிப் புயலில் திசைமாறி வந்த படகுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்களுடைய அடுத்த நிறுத்தமான தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகள், 952 மீனவர்கள் கரை சேர்ந்தார்கள். பதிவுப்படி 66 கேரளப் படகுகள், இரண்டு தமிழ்நாட்டுப் படகுகள். ஆனால் கேரளத்தில் பதிவான ஆழ்கடல் படகுகளில் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நிறையப்பேர் தொழில் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பெரியவர் உறவினர் வீட்டுக்காகத் தேவ்கட் போனவர் அவர்களைப் பார்த்திருக்கிறார். "பாஷை புரியவில்லை. சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் படகுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கரையில் இடம் இருந்தது. ஆனாலும் படகை விட்டு வரவில்லை." சற்று நிறுத்தி, "கையைப் பார்த்தேன். எங்கள் கை மாதிரியே இருந்தது" என்றார். பிறகு என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரவு ஏழு மணிக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். தாண்டேல் நிலைமையை எடுத்துச் சொன்னார். மிச்சம் சுமார் 60 கிலோமீட்டர்: இங்கிருந்து தேவ்கட், அங்கிருந்து இரண்டு நாளில் மால்வண். நான்கு தண்டில் போகலாம். பக்கத்துக்கு இரண்டு என்று சமமாகவும் இருக்கும். ஆனால் ஆளுக்குச் சுமை கூடும், வேகம் குறையும். பகல் ஏற ஏற வடமேற்குக் காற்று வலுக்கும். இதுவரை காற்றுக்கு முன்பே கரை சேர்ந்துகொண்டிருந்தோம், இனி அப்படி முடியாமல் போகலாம். ஆசிரியர் காலை பஸ்ஸில் கணக்வலி போய் ரயில் ஏறலாம். அல்லது எல்லோருமே இங்கே முடித்துக்கொள்ளலாம். "ஒருவர் வேண்டாம் என்றாலும் படகை லாரியில் ஏற்றிவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன்" என்றார்.

பையன்கள் போகலாம் என்றார்கள். தாயியும் போகலாம் என்றார். என் முறை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தோள்பட்டை வலி, வயது 47, வீட்டில் எதிர்பார்ப்பார்கள் என்று வரிசையாகக் காரணங்களையும் அடுக்கிவைத்திருந்தேன். ஆனால் காரணம் கேட்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் அவை எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. "நேற்று இரவு மாஸ்தருக்குக் காய்ச்சல் வந்தபோது, பயணம் முடிந்தது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது" என்று மட்டும் சொன்னேன். மராத்தியில் அதை நயமாகச் சொல்லத் தெரிந்திருந்தும் அப்போது வரவில்லை. பச்சையாகவே வந்து விழுந்தது.

யாரும் பேசவில்லை. பெரிய பையன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். தாயி, "அண்ணா, கையைக் காட்டுங்கள்" என்றார். நீட்டினேன். தன் கையையும் பக்கத்தில் வைத்தார். அடுப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. என் கையில் நான்கு காய்ப்பு. அவர் கையில் விரல்மடிப்பு எல்லாவற்றிலும் பிளாஸ்திரி. இரண்டு இடத்தில் அது ரத்தத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. அவரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் ஆசிரியர்தான் பேசினார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கலாம்; நியாயமும்கூட. ஆனால் தாண்டேலைப் பார்த்துத்தான் பேசினார். "எனக்குப் பஸ் வேண்டாம். 62 கிலோ இருக்கிறேன், அந்தச் சுமையை இவர்கள் இழுக்கச் சம்மதித்தால் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வலை மிதவை, பாறை எல்லாம் பார்த்துச் சொல்கிறேன். கை நனையாமல் பார்த்துக்கொள்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சுமையில் பாதி உங்கள் தண்டில்தான் விழும். நீங்கள் சொல்லுங்கள்."

"வாருங்கள்" என்றேன்.

தாண்டேல் மூன்றாம் தண்டின் கவையைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்தார். பையன்களில் ஒருவன் ஆசிரியரின் கட்டுக்கு மேலே மாட்ட ஒரு பாலிதீன் உறையும் ரப்பர் வளையமும் கொண்டுவந்தான். துணிகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு உப்பு இல்லாத போர்வை. அன்று எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணி. கிழக்கே மலைக்கு மேல் தேய்பிறையின் கீற்று. கரைக்காற்று லேசாக முதுகைத் தொட்டது. மாவ்ஷி லாந்தரோடு வந்து, வாழையிலையில் சுற்றிய பாக்ரிப் பொட்டலத்தைத் தாயியிடம் கொடுத்தார். டீக்கடைப் பெரியவரும் வந்திருந்தார். படகின் விளிம்பில் கை வைத்துத் தள்ளிவிட்டார். கழிமுகத்தைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் கோட்டை எனக்கு நேர் எதிரே வந்தது. இப்போது அதில் எந்தக் கொத்தளம் மழுக்கு, எந்த மதிலுக்குப் பின்னால் மேடை இருக்கிறது என்பது தெரியும். தாண்டேலின் தலைக்குப் பின்னால் அது மெல்லச் சிறுக்க ஆரம்பித்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஆசிரியரின் குரல் வந்தது. "வலப்பக்கம் வலை மிதவை, இரண்டு. கொஞ்சம் ஒதுங்கு. அப்புறம் ஒரு முனை தெரிகிறது. செம்பாறை, மேலே தனியாக ஒரு மரம்."

"என்ன மரம் மாஸ்தர்?" என்று கேட்டேன், இழுப்புக்கு நடுவே.

"இன்னும் கொஞ்சம் வலியுங்கள், சொல்கிறேன்" என்றார்.